போறன் என்று சொல்லப் பழகிய கிழமை

ஆங்கிலத்தில் என்னைப் பழிவாங்கியவை பெரிய சொற்கள் அல்ல. ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ மூன்றும் எனக்கு ஒரே பார்வைதான், அதை எப்படியோ சமாளித்தேன். என் மானத்தை வாங்கியவை ‘கம்’, ‘கோ’ என்ற இரண்டு பொடிச் சொற்கள்.

தலைமன்னார் வீதியோரம் ஒரு சின்ன விடுதியின் வரவேற்பு மேசைக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அதுவரை கருவாட்டு வாடியில் வெயிலுக்குள் நின்று மீன் கீறியவள் நான். மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்து சம்பளம் வாங்கவேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. அதற்காக ஆங்கிலம் தெரியும் என்று துணிந்து சொல்லியிருந்தேன். தெரியும்தான், குட்மோர்னிங் வரைக்கும்.

ஒரு பின்னேரம் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, மன்னாரின் பெயர்போன பருத்த அடிப் பெருக்கமரம் பார்க்க எப்படிப் போவது என்று கேட்டது. கையைக் காலை ஆட்டி விளக்கினேன். வேலை நேரம் முடிந்திருந்ததால் கைப்பையைத் தோளில் போட்டு, மரியாதையாக “ஐ ஆம் கமிங்” என்று விடைபெற்று, வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். நான் கூட்டிப்போக வருவேன் என்று நம்பி, பாவங்கள், தொப்பியும் கமராவுமாக இருட்டும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறார்கள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். என்னைவிட இளையவர், மன்னார்ப் பிள்ளைதான், வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்.

“அக்கா, போகேக்க ‘கோயிங்’ எண்டு சொல்லோணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பன். அதுக்குப் பிறகுதான் உங்களை வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு சொல்லுவன்.”

எங்கள் வீட்டில் யாரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் ‘போட்டு வாறன்’தான். என் மனுசன் கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் வெறும் ‘போறன்’ என்றால், திரும்பி வராமல் போவது என்று அர்த்தம். இந்த வயதில் என் வாயை எப்படித் திருப்புவது?

ஆனாலும் கதிரை ஆசை விடவில்லை. குசினியில் சொன்னேன், பஸ்ஸில் முணுமுணுத்தேன். மன்னார் பஸ் நிலையத்தில் படுத்திருந்த கழுதைகளிடமும் “ஐ ஆம் கோயிங்” என்று சொல்லிப் பார்த்தேன். அவை ஏனென்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சீலை உடுத்திப் படியிறங்கினேன். பழகின பழக்கம், தமிழிலும் வந்து விழுந்தது.

“சரி, நான் போறன்.”

கடலுக்குப் புறப்பட்டு நின்ற மனுசன், கையிலிருந்த மண்ணெண்ணெய்க் கலனைக் கீழே வைத்தார்.

“என்ன சொன்னனீ? உள்ளுக்கு வா. இதில இரு. தண்ணி குடி.”

இருந்தேன், குடித்தேன், எழும்பி “போட்டு வாறன்” என்றேன். அதற்குள் பஸ் போய்விட்டது. அவரும் அன்று வள்ளம் இறக்கவில்லை. “மனம் சரியில்லை” என்று மட்டும் சொன்னார். ஒரு கதிரைக்காக அவருடைய ஒருநாள் தொழிலையும் கெடுத்துவிட்டேனே என்று அடுத்த பஸ்ஸில் அழுதுகொண்டு போனேன்.

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசலில் அதே தம்பதி விமான நிலையத்துக்குப் புறப்பட்டு நின்றார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்து, “வீ ஆர் கோயிங்” என்றார்.

எவ்வளவு தூரம் பறக்கப்போகிற சனம்! படித்ததெல்லாம் காற்றில் போனது. இருவரையும் பிடித்து என்னுடைய கதிரையிலும் பக்கத்துக் கதிரையிலும் இருத்தி, தண்ணீர் கொடுத்தேன். “நோ கோயிங்! கமிங்!” என்று அதட்டவும் செய்தேன். முதலாளி நெற்றியில் கையை வைத்தார். பிறகு அவர்களிடம் வேகமான ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். எனக்கு அதில் ‘மதர்’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது.

அந்த அம்மா தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். எழும்பி, என் முகத்தைப் பார்த்து, “ஐ ஆம் கமிங்” என்றார். வாகனம் போனது.

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பின்னேரம்வரை வேலை செய்தேன். முதலாளி முடிவு சொல்லவில்லை, எனக்குக் கேட்கத் துணிவும் வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு அவருடைய மேசைக்கு முன்னால் நின்றேன். சரியான சொல் தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது மற்றது.

“ஐ ஆம் கமிங், சேர்.”

அவர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“ஓம், வாங்கோ அக்கா. நாளைக்குப் பிந்தாமல் வாங்கோ.”