கையுறை வேண்டாமென்ற கப்டன்

எனக்கு எதிலும் சந்தேகம் வந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் மனைவி காலங்காலமாக என் மேல் வைக்கும் குற்றச்சாட்டு இது. வழி தெரியாத இடத்திலும் ஒருவரிடமும் கேட்காமல் காரை விட்டுக்கொண்டே போவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைகாலம், பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு பேஸ்பால் அணிக்குக் கப்டன் ஆனதும் அப்படித்தான்.

அப்போது நாங்கள் லண்டனின் தெற்கே மோர்டனில் இருந்தோம். யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகளின் பழைய மாணவர்கள் லண்டனில் ஆளுக்கொரு கிரிக்கெட் அணி வைத்திருந்தார்கள். என்னுடைய பாடசாலையில் படித்தவர்களை லண்டன் முழுவதும் தேடிப் பிடித்தால் நான்கு பேர் தேறும். அதிலும் ஒருவருக்குக் கண் சரியில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களின் ஆட்டத்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்து, "உந்தப் பந்துக்கு உப்பிடியோ அடிக்கிறது?" என்று கத்துவதுதான் என் விளையாட்டாக இருந்தது. எனக்கு அது பெரிய அவமானமாகவே இருந்தது.

நான் ஒரு காப்புறுதிக் கந்தோரின் தபால் பகுதியில் வேலை செய்தேன். அங்கே மேலாளராக இருந்த ஒரு கனேடியர் தென் லண்டனில் ஒரு சின்னப் பேஸ்பால் லீக்கை நடத்திக்கொண்டிருந்தார். ஓர் அணி குறைகிறது, உங்கள் ஆட்களுக்கு மட்டை பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். நாங்கள் பிறந்ததே மட்டையோடுதான் என்றேன். என்ன மட்டை என்று அவர் கேட்கவில்லை, நானும் விளக்கப் போகவில்லை.

ஒரு கிழமைக்குள் என்னோடு பன்னிரண்டு பேர் ஆக்கிவிட்டேன். எல்லோரும் என்னைப் போலவே எந்தக் கிரிக்கெட் அணியிலும் இடம் கிடைக்காதவர்கள். முதலில் சேர்ந்தவன் என் நண்பன். மன்னார்க்காரன், கத்தோலிக்கன், என் வயதுதான். உடுப்புத் திருத்தும் கடை ஒன்றில் தையல் மெஷினில் வேலை. ஞாயிறு காலை பூசை முடிந்து, கோயிலுக்குப் போட்ட சேர்ட்டோடேயே மைதானத்துக்கு வருவான். ஆள் மெலிவு, ஆனால் மட்டையைத் தொட்டால் பந்து பூங்காவின் மரங்களைத் தாண்டும்.

முதல் பயிற்சி நாளில் கனேடியர் ஒரு பெரிய பை நிறையத் தோல் கையுறைகள் கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கிரிக்கெட்டில் களத்தில் நிற்பவர்களில் விக்கெட் காப்பாளன் மட்டும்தான் கையுறை போடுவான். மற்றவன் போட்டால் ஊர் சிரிக்கும். நண்பன் ஒன்றை எடுத்துக் கையில் மாட்டி, விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

"மச்சான், எதிர் டீமில எல்லாரும் போடுறாங்களாம்," என்றான்.

"அவங்களுக்குப் பிடிக்கத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அடிக்கிறவனுக்குப் பின்னால நிக்கிறவன் மட்டும் போடட்டும், மற்ற ஒருத்தரும் போடக் கூடாது. இது கப்டன்ரை ஓடர்," என்றேன்.

அவன் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டான். அந்தப் பை அன்றிலிருந்து அவனுடைய காரின் பின்பக்கத்தில் கிடந்தது.

முதல் ஆட்டத்தைப் பற்றி இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. எங்களுடைய முதல் ஆள் பந்தை நன்றாகவே தட்டினான். தட்டிவிட்டு, களத்தடுப்பாளன் கிட்ட நிற்பதைப் பார்த்து, ஓட வேண்டாம் என்று கையைக் காட்டி அப்படியே நின்றான். கிரிக்கெட்டில் அது புத்திசாலித்தனம். பேஸ்பாலிலோ அடித்தால் ஓடியே ஆக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. ஆட்டமிழந்தான். அடுத்தவன் ஓடினான், ஆனால் மட்டையையும் கொண்டு ஓடினான். முதல் பேஸ் என்கிற அந்த வெள்ளைத் திண்டை நெருங்கியதும் கிரீஸைத் தொடுவது போல மட்டையை நீட்டித் தொட்டான். காலால்தான் தொட வேண்டும் என்றார் நடுவர். எதிரணிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நண்பன் மட்டும் இரண்டு பந்தை மரத்துக்கு மேலால் அனுப்பி எங்கள் மானத்தைக் காப்பாற்றினான்.

பிறகு நாங்கள் களத்தில் நின்றபோது அது நடந்தது. கிரிக்கெட்டில் கடினமான பிடி எப்போதாவது ஒருமுறைதான் ஒருவனிடம் வரும். பேஸ்பாலில் நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது யாருக்காவது முழுப் பலத்தோடு எறிந்துகொண்டே இருக்கிறார்கள். முதல் பேஸில் நின்ற நண்பனுக்கு நான்தான் எறிந்தேன். நல்ல எறிதான். அவன் வெறுங்கையால் பிடித்தான், ஆளையும் ஆட்டமிழக்கச் செய்தான், பிறகு இடது கையைப் பொத்திக்கொண்டு புல்லில் குந்திவிட்டான். மோதிர விரல் முறிந்திருந்தது. துணியைத் தள்ளி ஊசிக்கு அடியில் கொடுக்கிற கை அது. கடைக்காரர் நல்லவர், குணமாகும் வரை அவனை வாடிக்கையாளரிடம் உடுப்பு வாங்கி வைக்கிற வேலையில் விட்டார்.

அன்றைக்கே நான் அந்தப் பையைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இப்போது கையுறை போடச் சொன்னால், அவன் விரல் முறிந்தது என்னால்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் இன்னும் சத்தமாக, "விளையாட்டு எண்டா அடி படும்தான்" என்று சொல்லித் திரிந்தேன். மற்றவர்களும் ரோசக்காரர்கள், கப்டன் போடாததை நான் போடுவேனோ என்று நின்றார்கள். அடுத்த மாதத்துக்குள் ஒருவனுக்குப் பெருவிரல் போனது. இன்னொருவன் கிரிக்கெட்டில் கோட்டைத் தாண்டி ஓடுகிற பழக்கத்தில் அந்தத் திண்டில் தடுக்கிக் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டான். பன்னிரண்டு பேர் ஒன்பது பேர் ஆனோம். எட்டு ஆனால் ஆட்டமே இல்லை, தோல்வி என்று எழுதிவிடுவார்கள்.

மிஞ்சிய ஒன்பது பேரின் கைகளும் வீங்கியே இருந்தன. வீங்கிய கையால் மட்டையை இறுக்கிப் பிடிக்க ஏலாது. பிடிக்காவிட்டால் பந்து போகாது. எங்கள் துடுப்பாட்டம் படுத்தேவிட்டது. ஓர் ஓட்டமும் எடுக்காமல் இரண்டு ஆட்டம் தோற்றோம். அதற்கு மேல் எங்களுக்கென்று ஒரு கிறுக்குத்தனமும் இருந்தது. எறிபவன் எட்டாத இடத்துக்கு நான்கு பந்து எறிந்துவிட்டால் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம் என்பது பேஸ்பாலின் சட்டம். எங்கள் ஆட்கள் அதற்குத் 'தர்ம பேஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிச்சை வாங்குவது போலக் கூசினார்கள். தலைக்கு மேலால் போகிற பந்தையும் எட்டி எட்டி விசுக்கி ஆட்டமிழந்தார்கள். அதிலும் முதலாவது ஆள் நான்தான்.

நண்பன் ஒரு ஆட்டத்துக்கும் வராமல் விடவில்லை. கட்டுப் போட்ட கையோடு மைதான ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்து, ஒரு கொப்பியில் ஒவ்வொரு பந்தையும் எழுதினான். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நானும் இரண்டு ஏசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆவணி மாதம் கனேடியர் என்னைக் கூப்பிட்டார். வேறோர் அணி இடம் கேட்டுக் காத்திருக்கிறது, ஒரு வெற்றியும் இல்லாத அணியை அடுத்த வருடம் வைத்திருக்க முடியாது என்றார். மிச்சமிருந்தது ஒரேயோர் ஆட்டம். அன்று பின்னேரம் தையல் கடைக்குப் போய் நண்பனிடம் சொன்னேன். அவன் ஒருவருடைய காற்சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"டொக்டர் இந்த வருசம் மட்டையைத் தொட வேண்டாமெண்டிட்டார். வாற வருசம் ஏலுமாம்," என்றான். மடித்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "அதுவரைக்கும் டீமை வைச்சிரு மச்சான். எனக்குக் கிழமையில ஆறு நாள் சுவரைப் பாத்துத் தைக்கிற வேலை. அந்த ஒரு நாள்தான் எனக்கெண்டு இருக்கு," என்றான்.

"வைச்சிருப்பன்," என்றேன், வழக்கம் போல ஒரு சந்தேகமும் இல்லாத குரலில்.  ஆனால் நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. மூன்று கிழமைக்கு முன்பு என் வலது நடுவிரலும் முறிந்திருந்தது. மனைவிக்குக் கார்க் கதவில் நசுங்கியதென்று சொல்லி, பக்கத்து விரலோடு சேர்த்துத் தோல் நிறப் பிளாஸ்டர் ஒட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். சொன்னால் நாங்கள் எட்டுப் பேர்.

கடைசி ஆட்டத்தன்று நண்பன் என்னைத் தன் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். கொப்பியை விரித்தான்.

"மூண்டு மேட்சா நீ ஒரு பந்தையும் ஒழுங்கா அடிக்கேல்லை. எறியிறதும் கீழ்க்கையால. விரலைக் காட்டு."

"ஒண்டுமில்லையடா."

"காட்டு."

காட்டினேன். அவன் காரின் பின்கதவைத் திறந்து, பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து என் இடது கையில் தானே மாட்டிவிட்டான். "இண்டைக்கு வடிவாப் பிடி. அடிக்க உன்னால ஏலாது, அடிக்காதை. அவங்கட எறியிற பெடியன் கடைசியில களைச்சுப் போவான், நான் முந்தி எழுதி வைச்சிருக்கிறன். சும்மா நில்," என்றான்.

நான் கையுறையோடு மைதானத்துக்குள் போனேன். எங்கள் ஆட்கள் என் கையையே பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் காரை நோக்கி நடந்தான், பிறகு இருவர் ஓடினார்கள், ஒரு நிமிடத்தில் பை காலி. எத்தனை கிழமையாக இதற்குக் காத்திருந்தார்களோ என்று நினைக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கையுறை போட்டால் பிடிக்கத் தெரியாதவன் என்று சொன்னேனே, அன்று நாங்கள் பிடித்த பிடிகளை லீக்கில் ஒருவரும் பிடித்திருக்க மாட்டார்கள். எதிரணியால் இரண்டு ஓட்டம்தான் எடுக்க முடிந்தது. நாங்களும் எப்படியோ தட்டுத்தடுமாறி இரண்டு எடுத்துவிட்டோம். கடைசி இன்னிங்ஸில் எங்கள் இருவர் ஆட்டமிழந்துவிட்டார்கள், மூன்றாமவனும் போனால் இன்னிங்ஸ் முடிந்தது, ஆனால் மூன்று பேஸிலும் எங்கள் ஆள் நின்றான். அடுத்தது என் முறை. நான் முதல் பேஸை அடைந்தால் எல்லோரும் ஒவ்வொரு பேஸ் முன்னேறுவார்கள், மூன்றாவதில் நிற்பவன் 'வீடு' என்கிற அடிக்கும் இடத்துக்கு வந்து சேர்வான், ஓர் ஓட்டம், வென்றோம். ஆட்டமிழந்தால் எங்கள் லீக்கில் அது சமன், வெற்றியில்லை, எங்கள் கதை அதோடு முடிந்தது.

மட்டையைப் பிடிக்கவே ஏலாத நான், உலகத்திலேயே பெரிய அடிகாரன் போல நடந்து போனேன். கிரிக்கெட்டில் செய்வது போல களத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். தூரத்து மரங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். எறிகாரன் அதை நம்பினான் என்றுதான் நினைக்கிறேன், முதல் இரண்டு பந்தையும் பயந்து எட்டத்தில் எறிந்தான். பிறகு இரண்டு நேரான பந்து. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவனுக்கு நம்பிக்கை வந்தது. மீண்டும் ஒன்று எட்டத்தில். இனி ஒரு பந்துதான். எட்டத்தில் போனால் எனக்குப் பேஸ், நேரே வந்தால் மூன்றாவது நேர்ப்பந்து, நான் ஆட்டமிழப்பு.

அந்தப் பந்து முழங்கால் உயரத்தில் வந்தது. என் உடம்பு முழுவதும் அடி அடி என்றது. வாங்கில் இருப்பவனை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றேன். வாழ்க்கையில் நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தது அந்த ஒரு முறைதான். பந்து முழங்காலுக்குக் கீழே இறங்கியது, அதுவும் எட்டாத பந்துக் கணக்குத்தான். நடுவர் முதல் பேஸைக் காட்டினார்.

நான் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சதம் அடித்தவன் போல மெதுவாக நடந்தேன். பேஸுக்குக் கிட்டப் போனதும் பழக்க தோஷத்தில் மட்டையை நீட்டி அதில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வென்றுவிட்டோம் என்று திரும்பினேன்.

"காலை வையடா, மாடு! காலை வை!"

அந்த வருடம் முழுவதும் என்னை ஏசி வாய் திறக்காதவன் வாங்கில் ஏறி நின்று கத்தினான். நான் பாய்ந்து விழுந்து இரண்டு காலையும் திண்டில் வைத்தேன்.

எல்லோரும் கட்டிப்பிடித்துக் கூத்தாடி முடிந்த பிறகு அவனிடம் போனேன். "மச்சான், உன்ரை விரலை முறிச்சது நான்தான். மன்னிச்சுக்கொள்," என்றேன்.

"ஓம்," என்றான். கொப்பியை முதல் பக்கத்துக்குப் பிரட்டிக் காட்டினான். முதல் ஆட்டத்தில் அவனுடைய பெயருக்கு நேரே, வைகாசி மாதமே எழுதியிருந்தான்: 'விரல் முறிவு. காரணம்: கப்டன்.' எனக்கு அழுகை வந்தது. நான் கண்ணைத் துடைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் வளைந்துபோன அந்த விரலால் பக்கத்தை அமத்திப் பிடித்து, பேனையால் கடைசிச் சொல்லை வெட்டினான். அதற்கு மேலே 'கையுறை இல்லை' என்று எழுதினான்.