கிணற்றடியில் கிடைத்த ஊதா

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஊதா நிறப் பற்றீரியா நுண்ணுயிர் ஒன்று தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க அனுமதி கேட்டு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். வெப்ப நாடுகளின் ஈரமண்ணில் அது இயல்பாகவே வாழும் என்று வகுப்பில் படிப்பித்தும் இருக்கிறேன். ஆனாலும் கொக்குவிலில் எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே தேடலாம் என்ற எண்ணம் பிந்தித்தான் வந்தது. கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில், வாழைக்குக் கீழே, ஒரு கரண்டி மண் எடுத்துக்கொண்டு போனேன். அந்த வாரமே வளர்ப்புத் தட்டில், வெள்ளையும் மஞ்சளுமாய் முளைத்த புள்ளிகளுக்கு நடுவில், கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று மினுங்கியது.

கைபேசியில் படம் எடுத்து வந்து கணவருக்குக் காட்டினேன். அவர் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர்.

"உதென்ன, மை சிந்தின மாதிரிக் கிடக்கு?"

"பற்றீரியா. எங்கடை கிணத்தடி மண்ணிலை இருந்தது."

"ஐயோ, அந்தத் தண்ணியையோ நாங்கள் குடிக்கிறம்?"

"தண்ணியையும் பாத்திட்டன். அதிலை இல்லை."

"நீர் பாத்திருப்பீர். எண்டாலும் கொதிக்க வைப்பம்" என்று கேத்திலை எடுத்தார்.

இந்தப் பற்றீரியாக்கள் ஒவ்வொன்றும் ஓர் இரசாயனத்தைச் சிறிது சிறிதாக வெளியே விடும். கூட்டம் சிறிதாக இருந்தால் அது கரைந்து போய்விடும். பெருகப் பெருக இரசாயனமும் சேரும். அது போதிய அளவு சேர்ந்ததை உணர்ந்ததும் எல்லாமாகச் சேர்ந்து ஊதாவாகும். வெங்காயத்தை அழுக வைக்கும் பற்றீரியாக்களும் இப்படித்தான் ஆள் சேரும்வரை அடங்கியிருந்து, பிறகு ஒன்றாகத் தாக்குகின்றன. அவற்றைக் கொல்லாமல், இரசாயனத்தால் அவை தமக்குள் பேசிக்கொள்ளும் கதையை மட்டும் நிறுத்தலாமா என்பதுதான் எங்கள் கேள்வி. நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் முதலில் ஊதாவில் சோதித்தோம்.

என்னோடு வேலை செய்தவள் கொடிகாமத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி. இலை இலையாக மதுசாரத்தில், அதாவது அல்ககோலில், ஊறவைத்துச் சாறெடுத்து, காகித வில்லையை அதில் நனைத்துக் காயவிட்டு, பற்றீரியா பூசிய தட்டில் வைப்பாள். வேம்பு, வல்லாரை, பொன்னாங்காணி என்று போய்க்கொண்டே இருந்தது. தட்டெல்லாம் ஒரே ஊதா. ஒரு நாள் காலை என் அறைக்கு ஓடி வந்தாள்.

"மிஸ், ஒருக்கா வாங்கோ! முசுட்டையிலை வட்டம் வந்திருக்கு!"

போய்ப் பார்த்தேன். ஊதாவுக்கு நடுவில், முசுட்டைக் கொடியின் இலைச்சாறு ஊறிய வில்லையைச் சுற்றி, நிறமில்லாத அழகான வளையம். ஆனாலும் கேட்டேன்.

"வெறும் மதுசாரம் வைச்ச வில்லை எப்பிடி?"

அவள் மற்றத் தட்டைத் திறந்தாள். முகம் வாடிவிட்டது.

"அதிலையும் இருக்கு, மிஸ்."

"வில்லையைக் காய விட்டனீரோ?"

"அவசரத்திலை... வடிவாக் காயேல்லை."

காயாத மதுசாரம் பட்டுப் பற்றீரியாக்கள் செத்திருந்தன; வளையம் இலையால் வந்ததல்ல. அவள் புதிய தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். இந்த முறை வில்லைகள் முற்றாகக் காயும்வரை கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

அடுத்த நாள் முசுட்டையைச் சுற்றி மட்டும் வளையம் இருந்தது. மதுசார வில்லையைச் சுற்றி எல்லாம் ஊதா. வளையத்துக்குள் மங்கலாக ஒரு படலம் தெரிந்தது. அதைச் சுரண்டிப் புதிய தட்டில் கீறி வைத்தோம். மறுநாள் அந்தக் கீறல்கள் நல்ல ஊதாவாக வளர்ந்திருந்தன. சாகவில்லை. வளையத்துக்குள் இருந்தவரை ஒன்றையொன்று அறியாமல் இருந்திருக்கின்றன.

அவள் அங்கேயே நின்று தாய்க்கு அழைத்தாள்.

"அம்மா, முசுட்டை வேலை செய்யுது!"

"அதுக்கென்ன பிள்ளை, நல்ல இலைதானே. தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்யவோ வேணும்? பஸ்ஸிலை குடுத்து விடட்டே?"

நான் சிரித்ததில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மீண்டும் மீண்டும் செய்து பார்த்தோம், வளையம் ஏமாற்றவில்லை. இலையில் எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று இப்போது பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முசுட்டைச் சாறு பூசிய வெங்காயத் துண்டுகளில் ஒரு தரம் பலிக்கிறது, மறுதரம் அழுகிப் போகிறது. அழுகிய நாட்களில் ஆய்வுகூடம் முழுக்க நாற்றம். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டுகளைத் திறக்க, நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பேன்.