எங்கள் வீடு லயத்தில் இல்லை என்று வந்த கடிதம்

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எனக்குப் பயண நாள் குறித்துவிட்டார்கள் என்று ஏஜன்ட் சொல்லியனுப்பிய அன்றுதான் நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். அதுவரை அழுதுதான் ஜெபித்திருக்கிறேன். அன்று கோபத்தில் ஜெபித்தேன். சபையார் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் இது சாட்சியாக இருக்காது.

என்னையும் என் கணவர் டேவிட்டையும் உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எஸ்தர். நாங்கள் இரண்டு பேரும் ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. தோட்டத்தை நடத்தும் துரைமார் அதை லைன் என்பார்கள். அந்தச் சொல்தான் எங்கள் வாயில் லயம் ஆனது. இந்தக் கதையில் அந்தச் சொல் முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

அவர் பதினான்கு வருடம் தோட்டத்துப் பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். துரை மாறினார், பங்களாவைப் பூட்டினார்கள், அவருக்கு வேலை போனது. கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில், ஹாலிஎலவுக்கு மேலே பஸ் ரோட்டோரம் நாங்கள் கட்டியிருந்த சின்ன வீட்டோடு இரண்டு அறைகளைச் சேர்த்துக் கட்டினோம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரர்கள் மறுபடியும் மலைநாட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் எல்லாரும் எங்களுக்கு முன்னாலுள்ள எல்ல என்ற ஊரிலேயே ரயிலைவிட்டு இறங்கிவிடுவார்கள். எங்கள் வாசலில் 'ரூம்ஸ்' என்று இங்கிலீசில் எழுதிய பலகையைப் பார்த்தவை ஆடுமாடுகள்தான்.

இப்போதெல்லாம் இன்டர்நெட்டில் போட்டால்தான் ஆள் வரும் என்று யாரோ அவரிடம் சொன்னார்கள். பதுளையில் போனும் இன்டர்நெட்டும் வைத்திருந்த ஒரு கொமினிகேசன் கடைக்குப் போனோம். கடைக்காரர் அவசரமாக ஒரு சுற்றுலா இணையதளத்தைத் திறந்து, கேள்விகளை வாசித்து, நாங்கள் சொன்னதைத் தட்டி அனுப்பினார். வீடு எங்கே என்று கேட்டபோது என் கணவர் திணறினார். முகவரியில் தோட்டத்தின் பெயர் வருகிறது. லயம் என்று நினைத்துத் தள்ளிவிடுவார்களோ என்பதுதான் வீடு திரும்பும்வரை அவருடைய கவலை.

அடுத்த வாரம் கடைக்காரர் அந்த இணையதளத்திலிருந்து வந்த கடிதத்தை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். என் கணவர் அதை பஸ்ஸில் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"எஸ்தரு, இங்க வா! யுவர் கெஸ்ட் ஹவுஸ் இஸ் நொட் ஒன் லைன். நம்ம வீடு லயத்துல இல்லைன்னு வெள்ளக்காரனே எழுதிட்டான்!"

"அவங்களுக்கு எப்படிங்க தெரியும்? யாரும் வந்து பாக்கலையே."

"அவனுங்க எல்லாத்தையும் விசாரிச்சிருப்பானுங்க."

பதினான்கு வருடம் துரைமாரோடு இங்கிலீசு பேசியவர். நான் ஏழாம் வகுப்பு. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தன. அதெல்லாம் மரியாதைக்கு எழுதுவது என்றார். அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் வேத வசன அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் நின்று அந்தக் கடிதத்துக்காக நான் ஸ்தோத்திரம் சொன்னேன். நீங்களும் சேர்ந்து சொன்னீர்கள். அன்றைக்குச் சிரிக்காதவர்கள் இப்போது சிரிக்கலாம்.

ஒரு மாதம் போனது. யாரும் வரவில்லை. இரண்டாம் மாதம் நான் ஏஜன்டிடம் போனேன். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. எங்கள் மகள் சுகந்திக்கு அப்போது ஆறு வயது. அவளே தலை பின்னிக்கொள்ளட்டும் என்று பழக்க ஆரம்பித்தேன். சின்னக் கைக்குப் பின்னல் அவிழ்ந்து அவிழ்ந்து போகும். "நீங்க போறதுக்குள்ள பழகிருவேன்மா" என்பாள். நான் குசினிக்குள் போய் அடுப்புப் பக்கம் நின்றுகொள்வேன்.

பயண நாளும் குறித்துவிட்டார்கள். இன்னும் ஒன்பது நாள். அன்று வெள்ளிக்கிழமை, உபவாசம். கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, மூணு மாசமா கேக்குறேன். ஏன் ஒரு பதிலும் இல்ல? என் புள்ளைய விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? ஒரே ஒரு ஆள அனுப்புங்க, பாப்போம்!" இப்படித்தான் கேட்டேன்.

பின்னேரம் அடைமழை. கதவைத் தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தேன். குடையோடு ஒரு பெண். நெற்றியில் விபூதி. என் வயதுதான் இருக்கும்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அங்கால மண் சரிஞ்சு பஸ் நிக்குது. உங்கட பாத்ரூமுக்கு ஒருக்கா போகலாமே?"

நான் கேட்டது வெள்ளைக்காரரை. ஆண்டவர் அனுப்பியது பாத்ரூம் தேடி வந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணை. எனக்கு வந்த எரிச்சலை மறைத்துக்கொண்டு உள்ளே விட்டேன்.

அவர் பெயர் சிவகௌரி. பதுளையில் கல்விக் கந்தோரில் கிளார்க். மழை விடாததால் முன்னறையில் உட்கார வைத்து, டேவிட் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கௌரி மிஸ் சுவரைப் பார்த்தார். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"அண்ணை, இதை ஏன் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறியள்?"

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். லயத்தில் பிறந்தது, இந்த வீட்டைக் கட்டியது, வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்டது, எல்லாம். மிஸ் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்து ஜெபிக்கிறேன்.

"அண்ணை, இது வேற லைன். ஒன்லைன் எண்டால் இன்டர்நெட்டில ஆக்கள் பாக்கக்கூடிய மாதிரி இருக்கிறது. உங்கட விளம்பரம் இன்னும் அதில வரேல்லை எண்டு எழுதியிருக்கினம். கீழ பாருங்கோ, விவரம் காணாது, பதில் எழுதுங்கோ, நாங்கள் உதவி செய்யிறம் எண்டு கிடக்கு. மூண்டு மாசமா அவை உங்கட பதிலைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம்."

டேவிட் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். வெகுநேரம் அந்த ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மிஸ் அத்தோடு போயிருக்கலாம். கனடாவிலுள்ள தம்பிக்கு அடிக்கடி இமெயில் அனுப்புவதாகவும், மறுநாள் சனிக்கிழமை, கந்தோர் இல்லை, அந்தக் கொமினிகேசன் கடைக்கு வந்தால் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார். போனோம். அவர் பதில் எழுதினார். அன்று மாலையே உதவிப் பிரிவிலிருந்து மறுமொழி வந்தது. ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், சுடுதண்ணீர் உண்டா என்று சில கேள்விகள். கடைசியாக ஒன்று: மற்ற இடங்களில் இல்லாத எது உங்களிடம் இருக்கிறது?

"ரோஸ்ட் கோழி போடுவேன். கெரமல் புடிங் செய்வேன்" என்றார் இவர்.

"அது எல்லவிலயும் இருக்கு. நீங்கள் பிறந்த லயம் உங்கட வீட்டிலயிருந்து கிட்டவோ?"

"வீட்டுக்கு எதிர் மலையில. எதுக்கு மிஸ்?"

"அதை எழுதுவம்."

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "லயத்தப் போட்டா எவன் மிஸ் வருவான்? அத மறைக்கத்தானே இவ்வளவு பாடு!"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். பயணத்துக்கு எட்டு நாள்தான். "எழுதுங்க மிஸ்" என்று நான்தான் சொன்னேன். இவர் வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

இந்த வீட்டுக்காரர் எதிர் மலை லயத்தில் பிறந்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிப்பதைக் காட்டுவார், தான் பிறந்த காம்பராவுக்கு அழைத்துப் போவார், இரவில் துரைமாருக்குச் சமைத்த சாப்பாட்டைச் சமைத்துத் தருவார். இப்படி மிஸ் எழுதினார். செவ்வாய்க்கிழமை எங்கள் வீடு ஒன்லைனுக்கு வந்தது. வியாழக்கிழமை கடைக்காரர் பஸ் கொண்டக்டரிடம் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். ஒல்லாந்துக் கணவன் மனைவி, அடுத்த மாதம், ஐந்து இரவு. இவர் பிறந்த காம்பராவைப் பார்க்க வேண்டுமாம்.

ஒரு ஆளை அனுப்பும் என்று கேட்டேன். வந்தது இரண்டு பேர்.

அதற்காக எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஐந்து இரவை நம்பிக் குவைத்தை விடுவது பைத்தியக்காரத்தனம் என்றார் ஏஜன்ட். அவர் கணக்கில் அது சரிதான். எனக்கும் பயம். அன்று டேவிட் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எஸ்தரு, நான் வெக்கப்பட்டு மறைச்சதத்தான் ஆண்டவர் எடுத்துக் காட்டியிருக்காரு. நீ போகாத" என்றார். நான் போகவில்லை.

ஒல்லாந்துக்காரர்கள் வந்தார்கள், போய் எழுதினார்கள், அதைப் படித்து வேறு ஆட்கள் வந்தார்கள். ஆள் வராத மாதங்களும் உண்டு. அப்போது மரக்கறித் தோட்டம் போட்டுச் சமாளிக்கிறோம். முன்பெல்லாம் எதிர் மலையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் இவர். இப்போது தொப்பி போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறார். சிவகௌரி மிஸ் மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார். விபூதி பூசிக் கோயிலுக்குப் போகிற ஒருவரை ஆண்டவர் எப்படி அனுப்புவார் என்று நம் சபையில் ஒருவர் கேட்டார். அனுப்பினார், நான்தான் கதவைத் திறந்தேன் என்றேன்.

அந்தக் கடிதத்தை மறுபடியும் அதே இடத்தில் மாட்டியிருக்கிறோம். பதில் இல்லை, பதில் இல்லை என்று மூன்று மாதம் ஆண்டவரோடு மல்லுக்கு நின்றேன். பதில் என் தலைக்கு மேலே, என் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குத் தூசி தட்டியதும் நான்தான்.

அதனால் உங்களிடம் ஒன்றுதான் சொல்வேன். ஜெபித்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள், வீட்டுக்கு ஏற்கனவே என்ன வந்திருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். விளங்காவிட்டால் விளங்கினவரிடம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். மழையில் யார் தட்டினாலும் கதவைத் திறவுங்கள்.

என் பாஸ்போர்ட் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. காலாவதியாகிவிட்டது, ஒரு முத்திரையும் அதில் விழவில்லை. சுகந்தி இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். தலை பின்னத் தெரியாது என்று சொல்லிச் சொல்லியே இன்றைக்குக் காலையிலும் சீப்போடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நானும் பின்னிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.