எல்லை தாண்டிய பொங்கல்படி

போஸ்னியாவில் சண்டை நடந்த காலம். அங்கே சண்டையிடும் தன் இனத்தாருக்கு இனி எதுவும் போகாதபடி எல்லையை மூடிவிட்டதாகச் செர்பியா சொன்னது. பதிலுக்கு ஐ.நா. அதன்மேல் போட்டிருந்த தடைகளில் சிலவற்றைத் தளர்த்தியது. அம்பாசமுத்திரத்துச் சலூனில் அந்தச் செய்தியை நான்தான் உரக்க வாசித்தேன். எல்லையில் கண்காணிப்பாளர்களை நிறுத்தியிருக்கிறார்களாம். எனக்கு ஒரு வரியிலும் நம்பிக்கை இல்லை.

சவரத்துக்குக் காத்திருந்த அண்ணாச்சி சிரித்தார். கேரளத்துக்கு அரிசி போகக் கூடாது என்றிருந்த நாட்களில், மலையடிவாரச் சோதனைச்சாவடியில் காவல் நின்றவர் அவர்.

"அந்தப் பக்கம் இருக்கது சொந்தக்காரன்லா வே? எப்படி மூடுவான்?"

"நீங்க மூடலையா அண்ணாச்சி?"

"லாரியெல்லாம் மறிச்சேன். கட்டிக்குடுத்த பொறந்தவளுக்குப் பொங்கல்படின்னு அரிசி சுமந்து வந்தவனை மட்டும் விட்டுட்டேன். சீரை மறிச்சா பாவம்லா?"

"பொங்கலுக்கு மட்டுந்தானே?"

அண்ணாச்சி தாடையைத் தடவினார். "ஆடி மாசமும் பொங்கல்படின்னுதான் சொன்னானுவ."

பிறகு சுவர்க்கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். "நீரும் ரெண்டு மூணு தடவை சுமந்து வந்தீரே. புனலூர் அக்கா சொகமா இருக்காளா?"

"சொகந்தான்" என்று பேப்பரை மடித்தேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.