வடக்கு பார்த்து உட்கார்ந்த அப்பா

எங்கள் ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் ஜப்பானுக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு எங்கள் டீச்சர் ஒரு மாதம் ஓட்டினார். அசோகரை இரண்டே வகுப்பில் கலிங்கத்துக்கு அனுப்பித் திருப்பிக் கூட்டிவந்த அதே டீச்சர்தான். ஜப்பான் என்று வந்ததும் அவருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

பள்ளி அம்பத்தூரில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. மின்சார ரயில் போகும்போதெல்லாம் டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு, சாக்பீஸை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அப்படி விட்டு விட்டுத்தான் எங்களுக்கு ஜப்பான் கிடைத்தது. காகிதத்தில் கதவு வைத்த வீடுகள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் மக்கள் (“நம்மள மாதிரியேதான்” என்று இதை மட்டும் பலமுறை சொன்னார்), முழங்காலிட்டு உட்கார்ந்து பூஜை மாதிரி டீ குடிக்கும் வழக்கம். அதற்காகத் தன் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, எங்கள் முன் குனிந்து வணங்கிவிட்டுக் குடித்தார். கடைசி பெஞ்சு பையன்கள் சிரித்து உருண்டார்கள்.

சாமுராய் வந்ததும் சிரிப்பு நின்றது. தன் தலைவனுக்காக வாழ்கிற வீரன் அவன், இடுப்பில் எப்போதும் இரண்டு வாள், ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று டீச்சர் பலகையில் வரைந்து காட்டினார். நீளமானது எதிரிக்கு. குட்டை எதற்கு என்று ஒரு பையன் கேட்டான்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “அது அவனுக்கே. தலைவன் நம்பிக்கை போச்சு, நாலு பேர் முன்னாடி மானம் போச்சுன்னா, அந்த வாளால தன் உயிரைத் தானே முடிச்சுக்குவான். யாரும் கட்டாயப்படுத்த வேணாம். மானம் போச்சுன்னு அவன் மனசுக்குத் தோணிட்டாப் போதும்.”

தலைமை ஆசிரியர் வந்தாலே அடங்காத வகுப்பு அன்று அடங்கிக் கிடந்தது. டீச்சருக்கு அது போதவில்லை போலும். நம் ஊரிலும் இது உண்டு என்று ஆரம்பித்தார். போரில் முதுகில் புண்பட்ட சேர மன்னன் ஒருவன், அந்த வெட்கம் தாங்காமல் வடக்கு பார்த்து உட்கார்ந்து, சோறு தண்ணீர் இல்லாமல் உயிரை விட்டான். அதற்கு வடக்கிருத்தல் என்று பெயர். ஜப்பானும் தமிழ்நாடும் ஒன்றுதான் என்று அவர் முடிப்பதற்குள் ஒரு ரயில் வந்துவிட்டது.

அந்த வருட ஆண்டு விழாவுக்கு சாமுராய் நாடகம் என்று முடிவானது. வகுப்பிலேயே நெட்டை நான்தான் என்பதால் என்னைச் சாமுராய் ஆக்கினார். பையன்கள் முணுமுணுத்தார்கள். “அங்க பொம்பளைங்களும் சண்டை போட்டிருக்காங்க, தெரியுமா?” என்று டீச்சர் வாயடைத்தார். என் இரட்டைப் பின்னலைப் பிரித்து உச்சியில் குடுமியாகக் கட்டிப் பார்த்தார். உடை அவர் பொறுப்பு, வாள் என் பொறுப்பு.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் தகடு வெட்டும் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டினார். காலையில் ஷட்டரைத் திறக்கும் சாவி அவரிடம்தான் இருக்கும். எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அது தொங்கும். சாமி படத்துக்கு விபூதி வைத்துவிட்டு அந்தச் சாவியையும் ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுத்தான் எடுப்பார். முதலாளி இல்லாத நேரத்தில் கம்பெனியே தன் தலையில் நிற்பதாக அவருக்கு நினைப்பு. அம்மா அதைக் கிண்டல் செய்வாள். “மகாராணிக்கு நிஜ வாள் மாதிரி பளபளன்னு செஞ்சுடுவோம்” என்றார் அப்பா. நான் இரண்டு கேட்டேன், ஒன்று நீளம், ஒன்று குட்டை.

மறுநாள் மாலை, ஷிப்டு முடிந்து அப்பா வெளியே வரும்போது கேட்டில் வாட்ச்மேன் எல்லோருடைய பையையும் தடவிப் பார்த்தான். தினம் நடப்பதுதான். அப்பாவின் பையை மட்டும் என்றைக்கும் தொட்டதில்லை. அன்று புதிய வாட்ச்மேன். டிபன் பைக்குள் பேப்பரில் சுற்றி இரண்டு அலுமினியப் பட்டைகள் இருந்தன, ஒன்று நீளம், ஒன்று குட்டை. கழிவுக் குவியலில் கிடந்தவை. கேட்டிருந்தால் முதலாளியே கொடுத்திருப்பார். ஆனால் கேட்பது அப்பாவுக்குப் பழக்கமில்லாத வேலை. மொத்த ஷிப்டும் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்க, முதலாளியின் மகன் வந்து, சாவியை வாங்கிக்கொண்டு, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இதெல்லாம் அப்பா சொல்லி எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்கு வந்து பையை வைத்தார். பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போனது. ஆணி வரைக்கும் போய், அங்கே மாட்ட ஒன்றுமில்லாமல் கை இறங்கியது. பின்னாலேயே வந்த அவருடைய கம்பெனிக் கூட்டாளிதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் அடுப்படி இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தலைவன் நம்பிக்கை போச்சு. நாலு பேர் முன்னாடி மானம் போச்சு. பாடத்தில் சொன்னது ஒன்று விடாமல் நடந்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. காலையில் அப்பா பின்பக்கம் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்குப் பின்னால் முள்வேலி, அதைத் தாண்டிக் கொஞ்சம் புதர், அப்புறம் ரயில் பாதை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இட்லி கொண்டுபோனாள். வேண்டாம் என்று தலையசைத்தார். மதியமும் அப்படியே.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பூகோளப் பாடத்தில் சொன்னபடி, சூரியன் உதித்த பக்கம் பார்த்து நின்று இரண்டு கையையும் விரித்தேன். இடது கை வடக்கு. இடது கை நேராக அப்பா பார்த்துக்கொண்டிருந்த பக்கமே நீட்டிக்கொண்டிருந்தது. சரியாக நிற்கவில்லையோ என்று இன்னொரு முறை நின்று பார்த்தேன். வடக்கு இடம் மாறவில்லை.

“அப்பா, இந்தப் பக்கம் திரும்பி உக்காருப்பா” என்றேன்.

“ஏம்மா?”

“அங்க வெயில் அடிக்குது.”

“அடிக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பாவின் கூட்டாளி மறுபடி வந்தார். “இன்னா அண்ணாத்தே, குப்பைல கெடந்த தகரத்துக்குப் போயி சோறு தண்ணி இல்லாம குந்திகினு கீற? ஊரு ஒலகத்துல எவன் எதெல்லாமோ தூக்கினு போறான்” என்று அவருக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார். அப்பா எழுந்து வேலியைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார். அம்மா ஓடிவந்து என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். “அப்பாகூட நீயும் போ. கையைப் பிடிச்சுக்க. விடாத.”

நான் ஏழாவது படிக்கிறேன், கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வயதா? கடுப்பாக இருந்தது. ஆனாலும் போய்ப் பிடித்தேன். பாதை ஓரமாக நடந்தோம். ஒரு ரயில் அலறிக்கொண்டு கடந்தபோது அப்பாவின் கை சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து அப்பா எங்கே கிளம்பினாலும் அம்மா என்னைக் கூட அனுப்பினாள். கழிப்பறை வாசலில்கூட நிற்கவைத்தாள். எனக்கோ வேறு கவலை. வடக்கிருத்தல் நிதானமாக நடக்கிற காரியம், அதற்கு நாள் இருக்கிறது. வாள்தான் அவசரம்.

எங்கள் வீட்டில் வாளுக்குப் பக்கத்தில் வரக்கூடியவை இரண்டு. ஒன்று அரிவாள்மனை. நல்லவேளையாக அதைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள் என்று அம்மா அன்று காலையே கொடுத்துவிட்டிருந்தாள். மிச்சம், மரப்பிடி போட்ட குட்டைக் கத்தி. அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம், அடுப்படிக்குப் போய், கத்தியை எடுத்து, அரிசி டின்னைத் திறந்து, அரிசிக்குள் செருகி, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன்.

இனி அம்மாவிடம் அடி நிச்சயம் என்று காத்திருந்தேன். ஒரு ஸ்பூன் காணாமல்போனால் வீட்டைத் தலைகீழாக்குகிறவள் அம்மா. எச்சில் தட்டோடு குப்பைக்குப் போயிருக்குமோ என்று தெருக் குப்பைத்தொட்டிவரை போய்த் தேடியவள். கத்தியை அவள் தேடவில்லை. பீன்ஸைக் கையால் ஒடித்தாள். கீரையைக் கிள்ளினாள். வெங்காயத்தைச் சின்ன வெங்காயமாக வாங்கி முழுசாகப் போட்டாள். தக்காளியைக் கையாலேயே பிசைந்துவிட்டாள். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளும் அப்பா மோரைத் தவிர எதையும் தொடவில்லை. பள்ளிக்கூடம் போகவே பயமாக இருந்தது. நான் இல்லாத நேரத்தில் நடந்துவிட்டால்? அம்மாதான் “நான் பார்த்துக்கறேன், போ” என்று அனுப்பினாள். எதைப் பார்த்துக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை.

இடைவேளையில் டீச்சரிடம் போய் நின்றேன். “டீச்சர், தலைவன் வேணாம்னு துரத்திட்டா, சாமுராய் செத்துத்தான் ஆகணுமா? வேற வழியே இல்லையா?”

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு சொன்னா? எல்லாரும் அப்படியா செஞ்சாங்க? தலைவன் இல்லாத சாமுராய்க்கு ரோனின்னு பேரு. ஊருக்கு ஊரு அலைஞ்சாங்க. சிலபேர் விவசாயம் பண்ணினாங்க. சிலபேர் குடை செஞ்சு வித்தாங்க, பசங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாங்க. ஏன் அழற?”

கண்ணில் சாக்பீஸ் தூள் என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது. சாகிற பகுதியை அத்தனை விஸ்தாரமாகச் சொன்ன டீச்சர், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

பள்ளி விட்டதும் ஓடினேன். அப்பா மரப்பெட்டியில் அப்படியே, வடக்கு பார்த்து. இருக்கிறார் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. மூச்சு வாங்க அவர் முன்னால் நின்று, அவருக்கு வடக்கை மறைத்துக்கொண்டு, ஒப்பித்தேன். “அப்பா, தலைவன் இல்லாத சாமுராயும் உண்டாம்பா. ரோனின்னு பேராம். துரத்திட்டாலும் அவங்க சாகலியாம். குடை செஞ்சாங்களாம். பசங்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தாங்களாம். டீச்சரே சொன்னாங்க.”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், “சாப்பிட்டாங்களா?”

“யாரு?”

“அந்த ரோனின்.”

அதை நான் டீச்சரிடம் கேட்கவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லும் நேரமா அது? “சாப்பிட்டாங்கப்பா. நல்லா சாப்பிட்டாங்க. ரசம் சாதம்.”

அப்பாவிடமிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தச் சிரிப்பு நடுவில் எங்கேயோ தடம் மாறி, அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் பயந்துபோய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். பிறகு துண்டை எடுத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ரசம் இருக்கா?”

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. பாத்திரத்தைக் கீழே போட்டால் எங்களைத் திட்டும் அம்மா, தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கம்பெனி அப்பாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. கூட்டாளிதான் பக்கத்துப் பட்டரைவாக்கத்தில் ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில் சொல்லிச் சேர்த்துவிட்டார். அங்கே சாவி எல்லாம் கிடையாது. வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், அப்பா தான் உட்கார்ந்திருந்த அதே மரப்பெட்டியை உடைத்து, பலகையைச் சீவி, வெள்ளிப் பேப்பர் ஒட்டி வாள் செய்தார். ஒன்று முடிந்ததும், “குட்டை ஒண்ணு கேட்டியே?” என்றார்.

“வேணாம்பா. எங்க நாடகத்துல ஒண்ணுதான்” என்றேன். விழா மேடையில் ஒரே வாளோடு நின்ற சாமுராயைப் பார்த்து டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு விரலைக் காட்டிக் காட்டி ஓய்ந்தார். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

அப்பா புது வேலைக்குக் கிளம்பிய காலை, அம்மா தெருமுனைவரை போய் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதுதான் சமயம் என்று அரிசி டின்னைத் திறந்தேன். செருகி வைத்த இடத்தில் கத்தி இல்லை. மேலாகத்தானே வைத்தேன்? துழாவினேன். முழங்கைவரை போயிற்று, தோள்வரை போயிற்று. டின்னின் அடித்தளத்தில் விரலில் தட்டியதை இழுத்தேன்.

கத்திதான். ஆனால் நான் வெறும் கத்தியாக வைத்தேன். இப்போது அது அம்மாவின் பழைய நீலப் புடவைக் கிழிசலில் சுற்றி, மேலே முடிச்சு போட்டு இருந்தது. அரிசிக்குள் கனமான பொருள் தானாகவே இறங்கிவிடும், அது சரி. துணி எப்படி வந்தது என்று யோசித்தேன். பிடிபடவில்லை. அதற்குள் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக முடிச்சை அவிழ்த்து, துணியை அடுப்பில் போட்டு, கத்தியை அதன் இடத்தில் வைத்தேன்.

அம்மா வந்தாள். கத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்கே இருந்தது, யார் எடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பூசணிக் கீற்றை எடுத்துவைத்து நறுக்க ஆரம்பித்தாள். பிறகு, “பக்கத்து வீட்டு அக்காகிட்ட போயி நம்ம அரிவாள்மனையை வாங்கினு வா” என்றாள்.

அக்கா அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, சாக்கைப் பிரித்துக் கொடுத்தாள். அவள் வீட்டு அரிவாள்மனை அடுப்படியில் வெங்காயத் தோலோடு கிடந்தது. சொந்தமாக ஒன்று இருக்கும்போது இரவல் வாங்கிய அக்காவை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும்தான், யாருக்கும் தெரியாமல் அப்பாவைக் காப்பாற்றியதும் நான் ஒருத்திதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.