பழைய இரும்புக்கு வேறு கியர்பாக்ஸ்

இன்று கிள்ளானில் என் வீட்டு வாசலில் பழைய ஜீப்பை ஜாக்கில் தூக்கி நிறுத்தி, நானும் மெக்கானிக் சேகரும் வேறு கியர்பாக்ஸும், நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸும் மாட்டினோம்.

கழற்றிய பாக்ஸில் எண்ணெய், தே தாரேக் பால் டீ நிறத்தில் கொட்டியது. போன வெள்ளத்தில் எங்கள் தாமான் குடியிருப்பு ஆட்களை ஏற்றி இறக்கியபோது உள்ளே போன தண்ணீர்.

"அண்ணே, உங்க ஜீப்பு செம குடி லா," என்றான் சேகர்.

"ஊருக்காகக் குடிச்சதுடா."

டிரான்ஸ்ஃபர் பாக்ஸை நெஞ்சில் தாங்கியபடி நான் அடியில் கிடந்தபோது என் போன் அடித்தது. தாமான் வாட்ஸாப் குரூப். எதிர்வீட்டு ஆன்டி ஜீப்பைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். சேகர் வாசித்தான்:

"ரோட்ட அடைச்சிக்கிட்டு ஒரு பழைய இரும்பு. யாராச்சும் கம்ப்ளைன் பண்ணி இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அதற்குக் கீழே வரிசையாக லைக் கட்டைவிரல்கள். பாதி, அன்று என் ஜீப்பில் ஏறியவர்களுடையவை. ஆன்டி முன்சீட்டில் வந்தார், மடியில் ரைஸ் குக்கரோடு.

"என்னண்ணே, மாட்டவா, விட்டுடவா?"

"மாட்டு லா. நெஞ்சு வலிக்குது."

மாட்டியாச்சு. நாலு சக்கரமும் இழுக்கிறது.

அடுத்த வெள்ளத்தில் ஏற வேண்டியவர்கள் இந்தப் பதிவுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிடுங்கள். ரைஸ் குக்கருக்கு மட்டும் இடமில்லை.