ஒரு டிபரன்சல், ரெண்டு வாகனம்

கராச் வைச்சிருக்கிறவனிட்ட நல்ல வாகனம் வாறதில்லை. வந்தால் அது படலை மாறி வந்திருக்கும்.

பழைய வாகனத்தோட மாரடிச்ச ஆக்களுக்கு நான் அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளின்ர பிற்பகுதியில மல்லாவியில எனக்கு ஒரு கிடுகுக் கொட்டில் கராச் இருந்தது. சண்டை நடந்து, வன்னிக்குச் சாமான் தடை போட்டிருந்த காலம். கொழும்பில கடை வாசல்ல தொங்கிற ஒயில் சீல் கூட எங்களுக்கு வராது. கார் மண்ணெண்ணெயில ஓடிச்சுது, இருமிக்கொண்டு ஓடிச்சுது, ஆனால் ஓடிச்சுது. "ஏலாது" எண்ட சொல்லைக் கேட்டால் எனக்கு அப்பவும் விசர் வரும், இப்பவும் விசர் வரும். தராட்டிப் போங்கோ, ஒண்டில இருக்கிறதைக் கழட்டி மற்றதுக்குப் பூட்டி ஓடிக் காட்டுறம் எண்டதுதான் என்ர கொள்கை. அந்தக் கொள்கையால நான் வாங்கிக் கட்டின பேச்சுகளில கொஞ்சத்தைத்தான் இங்க சொல்லுறன்.

களவு போன கம்பி

அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார் முல்லைத்தீவுக் கரைக்காரர். ஒரு காலத்தில வள்ளமும் கரைவலையும் வைச்சு ஆள் விட்டுத் தொழில் செய்தவர். இடம்பெயர்ந்து வந்த பிறகு பூநகரி இறாலை மல்லாவிச் சந்தைக்கு ஏத்தினவர். அதுக்கெண்டு எங்கேயோ இருந்து ஒரு வான் வாங்கினார். வாங்கின அண்டே நேரா என்னட்ட வந்து, தன்னை ஏமாத்திப் போட்டாங்கள் எண்டு குதிச்சார். ஜீப்புகளில கியர்க் கம்பிக்குப் பக்கத்தில இன்னொரு சின்னக் கம்பி இருக்கும். மண்ணில புதைஞ்சால் அதை இழுத்து முன் சில்லுகளையும் வேலை வாங்கலாம். இவற்ர வானில அது இல்லை. வித்தவன் கழட்டி எடுத்துப் போட்டான் எண்டு ஒரே சத்தம்.

கீழ படுத்துப் பாத்தன். வான் வேற சாதி. இதில நாலு சில்லும் எந்நேரமும் இழுக்கும், இழு எண்டு சொல்லவும் ஏலாது, நில் எண்டு சொல்லவும் ஏலாது, அதாலதான் கம்பி இல்லை எண்டு பொறுமையாச் சொன்னன். சம்மாட்டியார் கொஞ்ச நேரம் வானைச் சுத்திச் சுத்திப் பாத்தார். பிறகு சொன்னார்: "அப்ப இதுக்கு ஓய்வே இல்லை. என்ர மனுசியைப் போல எண்டு சொல்லும்."

கோயில் மணம்

முன் சில்லு ரெண்டுக்கும் நடுவில, இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற இரும்புக் குண்டுதான் முன் டிபரன்சல். அதுக்குள்ள தடிச்ச ஒயில் நிக்கவேணும். சம்மாட்டியாற்ர வானில அது ஒழுகிக் காய்ஞ்சு போச்சுது. கிளிநொச்சி தொடக்கம் செட்டிகுளம் வரைக்கும் கேட்டும் ஒரு போத்தல் ஒயில் இல்லை. விட்டிடுவனே? வடிச்சு வைச்ச பழைய எஞ்சின் ஒயிலோட இலுப்பெண்ணெயைக் கலந்து காய்ச்சி ஊத்தினன். பல்லுகள் சத்தமில்லாமல் சுழண்டுது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போச்சுது.

ஒரு கிழமையால சம்மாட்டியார் வந்தார். வான் நல்லா ஓடுதாம். ஆனால் சூடு ஏறினால் உள்ளுக்க இருக்கேலாதாம். ஸ்டியரிங்குக்கு முன்னால மடுமாதா சுரூபம், பின்னால இறால் பெட்டி, நடுவில கோயில் விளக்கில எரியிற இலுப்பெண்ணெய் மணம். மூஞ்சையைச் சுழிச்சுக்கொண்டு சொன்னார்: "மாதாவை முன்னால வைச்சுக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குள்ளால போறமாதிரிக் கிடக்கு ஐசே."

மிஸ்ஸியின்ர ஜீப்

எங்கட பக்கத்துப் பிள்ளைப்பேறு பாக்கிற மிஸ்ஸிக்கு ஒரு ஜீப் இருந்தது. பின் சில்லில ஓடும், தேவையெண்டால் சின்னக் கம்பியை இழுத்தால் முன் சில்லும் சேரும். ஓட்டினவர் கந்தசாமி, மலையகத்தில இருந்து வந்து ஓடைக்கு அங்கால காடு வெட்டிக் குடியேறின சனத்தில ஒருவர். ஐப்பசி மழை தொடங்கேக்க அந்த ஜீப்பின்ர முன் டிபரன்சல் பல்லு உடைஞ்சு போச்சுது. வெய்யில் காலமெண்டால் பின் சில்லோடயே சமாளிக்கலாம். மாரியில அந்த ஓடையைத் தாண்ட முன் சில்லும் இழுக்கவேணும். ஓடைக்கு அங்கால கந்தசாமியின்ர மனுசி புஷ்பம் முதல் பிள்ளையோட இருந்தா. சின்ன உடம்பு, பிள்ளை குறுக்க கிடக்குது, வீட்டில பெறவே கூடாது, வலி தொடங்கின உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வரவேணும் எண்டு மிஸ்ஸி கண்டிப்பாச் சொல்லியிருந்தவா.

வன்னி முழுக்கத் தேடினாலும் அந்த ஜீப்புக்குப் பொருந்திற முன் டிபரன்சல் ஒண்டே ஒண்டுதான், சம்மாட்டியாற்ர வானில. உடம்பு ஒண்டு, பல்லுக் கணக்கு வேற. நிவாரண வேலைக்கு வந்திருந்த ஒரு எஞ்சினியர் குனிஞ்சு பாத்திட்டு, முன் சில்லும் பின் சில்லும் வேற வேற வேகத்தில சுத்தப் பாக்கும், தார் றோட்டில ஒண்டையொண்டு இறுக்கி உடைக்கும், செய்யவேண்டாம் எண்டார். மனுசன் சொன்னது சரிதான். ஆனால் சேற்றில சில்லு வழுக்கும், வழுக்கினால் இறுக்கம் விட்டுப் போகும் எண்டு நான் சொன்னன். புதுச்சாமான் எழுதிப் போடலாம், அனுமதி கிடைச்சால் மாரி முடிய வரும் எண்டார் அவர். மிஸ்ஸி குடையை மடக்கிக்கொண்டு சொன்னா: "பிள்ளை மாரி முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிராது."

தவக்காலத்துக்கு முதல்

சம்மாட்டியாரிட்டக் கேக்கப் போனன். பெண் கேக்கப் போறவனுக்கும் அவ்வளவு நடுக்கம் இருக்காது. ஜீப் முன் டிபரன்சல் இல்லாமலும் ஓடும். இந்த வான் அது இல்லாமல் ஒரு அடியும் நகராது. இழுவை முழுக்க வெறும் பக்கத்துக்குப் போய்ச் சும்மா சுத்தும். அதோட மாரிதான் இறால் காலம். மனுசன் எழும்பி நிண்டு கத்தினார். "என்ர வாயில மண் போட வந்தனீரோ?"

முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பங்கு போடுற, வானின்ர நடுவில இருக்கிற பிரிப்பானை வெல்டிங் அடிச்சு ஒட்டிவிட்டால் பின் சில்லில ஓடும், மணலில கவனமா ஓட்டவேணும் எண்டு சொன்னன். ஒட்டினால் திரும்பப் பிரிக்கேலாது எண்டதையும் ஒளிக்காமல் சொன்னன். கதைச்சுக் கதைச்சுத் தேத்தண்ணி ரெண்டு தரம் வந்து ஆறிப் போச்சுது. புஷ்பத்தின்ர பெயரைச் சொன்ன பிறகுதான் குரல் இறங்கிச்சுது. அவருக்கும் அஞ்சு பிள்ளையள். கடைசியாச் சொன்னார்: "கழட்டித் துலையும். ஆனால் தவக்காலம் தொடங்க முதல் என்ர சாமான் என்ர வானில இருக்கவேணும். இல்லாட்டி உம்மை வலையில சுத்திக் கடலில போடுவன்."

தார் றோட்டு

ஜீப்புக்குப் பூட்டி முடிச்சிட்டு, முன் சில்லை உயர்த்திச் சோக்கட்டியால கோடு போட்டுச் சுத்திப் பாத்தன். எஞ்சினியர் சொன்ன வித்தியாசம் அப்படியே இருந்தது. கந்தசாமியைக் கூப்பிட்டு, சேற்றிலயும் தண்ணியிலயும் மட்டும் சின்னக் கம்பியை இழு, தார் றோட்டில மறந்தும் தொடாதை, பாரம் கட்டி இழுக்கவும் கூடாது எண்டு தலையில குட்டாத குறையாச் சொன்னன்.

அந்த மனுசன் றோட்டைப் பாத்தார். எங்கட றோட்டு உங்களுக்குத் தெரியுந்தானே, குளத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் அல்லிப்பூ மட்டுந்தான். மனுசி பிள்ளை எண்டு அவ்வளவு கவலைக்குள்ளயும் அவருக்குச் சிரிப்பு வந்திட்டுது. "தார் ரோடா? எங்க இருக்குன்னு சொல்லுங்கண்ணே, ஒருக்கா போய்ப் பாத்துட்டாவது வர்றேன்."

ஓடை

மார்கழியில ஒரு பகல், அடைமழை. இறால் ஏத்தி வந்த வான் ஓடை நடுவில புதைஞ்சு நிக்குது எண்டு ஆள் வந்தது. ஓடிப் போனன். இடுப்பளவு தண்ணி. பின் சில்லு ரெண்டும் சேற்றுக்குள்ள. நாலு சில்லும் இழுத்திருந்தால் எப்பவோ கரையேறியிருக்கும். சம்மாட்டியார் என்ர பரம்பரையையே இழுத்துப் பேசினார்.

அப்ப அங்கால் கரையில ஜீப் வந்து நிண்டது. கந்தசாமி ஸ்டியரிங்கில, பின்னால மிஸ்ஸியின்ர மடியில தலை வைச்சுப் புஷ்பம். அவ வலியில அழுதது மழைச் சத்தத்துக்கு மேலால கேட்டுது. ஓடையில கடக்கக்கூடியது ஒரு வாகன அகலந்தான், அதில வான் நிக்குது. கந்தசாமி இறங்கிக் கயிறு எடுத்தார், வானை இழுக்க. பாரம் கட்டினால் அந்தப் பொருந்தாத பல்லு தாங்காது, பிறகு ரெண்டு வாகனமும் ஓடைக்குள்ளதான். வேண்டாம் எண்டு கத்தினன். பிறகென்ன வழி எண்டு எனக்கே தெரியேல்லை.

சம்மாட்டியார் என்னைப் பாத்தார், ஜீப்பைப் பாத்தார். மாதா சுரூபத்தைக் கழட்டிச் சேட்டுக்குள்ள வைச்சார். "என்ன விறைச்சுப்போய் நிக்கிறீர்? தள்ளும்!" எண்டார். பள்ளப் பக்கமா, தண்ணி இழுக்கிற பக்கமா, நாங்கள் ரெண்டு பேரும் சேதி சொல்ல வந்தவருமாத் தோள் குடுத்துத் தள்ளினம். வான் ஒருக்களிச்சுச் சரிஞ்சுது. பின்கதவு திறந்து, பெட்டி பெட்டியா இறால் வந்த தண்ணியோட போச்சுது. கந்தசாமி சின்னக் கம்பியை இழுத்தார். ஜீப் நாலு சில்லாலயும் சேற்றைப் பிறாண்டி, எங்கட மூஞ்சையில அடிச்சு, கரையேறி, ஆசுப்பத்திரிப் பக்கம் போச்சுது. இலுப்பெண்ணெய் மணம் அந்த மழைக்குள்ளயும் வந்தது. எனக்கு அழுகை வந்திட்டுது, சொல்ல என்ன வெக்கம்.

சம்மாட்டியார் முகத்துச் சேற்றை வழிச்செறிஞ்சார். சரிஞ்சு கிடக்கிற வானையும் போற ஜீப்பையும் மாறி மாறிப் பாத்திட்டுச் சொன்னார்: "பாத்தீரோ, என்ர சாமான் போகுது. நான் நிக்கிறன்."

புஷ்பத்துக்குப் பொம்பிளைப் பிள்ளை, தாயும் சுகம். தண்ணி வத்த வானைக் கரையேத்தி, சொன்னபடி தவக்காலத்துக்கு முதல் நான் டிபரன்சலைத் திருப்பிப் பூட்டிக் குடுக்க, நடுவை ஒட்டின அந்த வான் முன்னும் பின்னும் ஒண்டா இழுத்து, மணலில முந்தியை விட நல்லா ஓடிச்சுது.

எஞ்சினியர் சொன்னது முழுக்கச் சரி, எனக்கு அதில ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் அவர் பயந்த தார் றோட்டு எங்களிட்ட வந்து சேர முதல், அந்தப் பிள்ளை சேற்றுக்குள்ளால நடந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிட்டாள்.